முப்பத்தொன்றாம் எண்

கொரியாவிலிருந்து வந்த பெட்டியில்
இரண்டு வகை ஊசிகள்.
ஒன்று தோலைத் துளைக்கும்.
மற்றது, தொட்டதும்
தன் பிடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.
யாருக்கு எது என்பது
ஒட்டிய உறைக்குள். எனக்குத் தெரியாது.

செவ்வாய்தோறும் அஸ்தம்பட்டியில் பஸ் பிடித்து
இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
மேலே பஞ்சாயத்துக் கட்டடத்தில்
முழங்கால்களிடம் கேட்பேன்:
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?

சில்வர் ஓக்குல ஏணி சாத்தி
மிளகு பறிக்கையில ஒம்போது, என்றாள் வெள்ளச்சி.
எறங்கையில அதுக்கும் மேல.
மேஸ்திரி பாத்தா ஒண்ணுமில்ல.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
எட்டு என்று எழுதினேன்,
அவளைக் கேட்காமல்.

பன்னிரண்டாம் வாரம் மூன்று சொன்னாள்.
குந்தி உட்கார்ந்து காட்டினாள்,
சுவரைப் பிடிக்காமல் எழுந்தும் காட்டினாள்.

சேலத்தில், காகிதம் பறக்காமலிருக்க
மின்விசிறியை நிறுத்திவிட்டு
உறைகளைப் பிரித்தோம்.
முப்பத்தொன்று: ஒளிந்துகொள்ளும் ஊசி.
‘இரு குழுக்களுக்கிடையே
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’
என்று முடித்தார் டாக்டர் தவமணி.
என்னுடைய அந்த எட்டும்
அந்த வரிக்குள் எங்கோ இருக்கிறது.

போன வாரம் ஒண்டிக்கடையில் வழிமறித்தாள்.
மழை புடிச்சதும் காலு பழையபடி ஆயிருச்சு.
அதே ஊசியப் போடச் சொல்லுங்க சார்,
வேற எதுவும் வேணாம்.

ஆய்வு முடிந்துவிட்டது என்றேன்.
அது மட்டும்தான் சொன்னேன்.

பஸ் வந்தது.
இருபதாவது கொண்டை ஊசியில்
முன்சீட்டுக் கம்பியைப்
பிடித்துக்கொண்டேன்.