கால் டேங்க்

பைசாந்தூ. ஜூலைக் குளிர்.
மூன்றாம் தரம் சாவி திருப்பியும்
ஃபியட் ஊனோ இருமக்கூட இல்லை.

வாஷிங்டன் பின்சீட்டைக் கழற்றிப் போட்டு
பம்ப்பை வெளியே எடுத்தான்.
பிடுங்கிய கடைவாய்ப் பல்லைக் காட்டுவதுபோல
என் மூக்கருகே நீட்டினான்.
கருகல் வாடை.
டேங்க் அடியில் துரு, டீத்தூள் மாதிரி.

சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்கு:
பம்ப் நாலாயிரத்து எண்ணூறு,
டேங்க் கழுவ இரண்டாயிரம்,
இன்ஜெக்டரா, அதைப் பிரித்த பிறகு சொல்கிறேன்.
வண்டியை விற்றால் இவ்வளவு தேறுமா என்றேன்.
மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே
வாசல் பக்கம் பார்த்தான்.

“கால் டேங்க்குக்குக் கீழேயே ஓட்டுகிறாய், நேலிதா.
பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால்தான்
பம்ப் சூடேறாது.”

ஆஸ்பத்திரியில் இரவு தரை துடைக்கிறேன்.
பங்க்கில் இருநூறு பேசோவுக்குப் போடச் சொல்லிவிட்டு
மீட்டர் பக்கம் திரும்பாமல் நிற்பேன்.
நிரப்பக் காசில்லாமல் போனதற்கு
பதினொரு வருடம் கழித்து
பில் வந்திருக்கிறது,
வட்டியோடு.

ஆறு தவணை என்று பேசி முடித்தோம்.
சனிக்கிழமை ஒரே திருப்பில் கிளம்பியது.
தெருமுனை பங்க்கில் பையன் கேட்டான்:
ஃபுல்லா?

பர்ஸைத் திறந்தேன்.

இருநூறு.