ஐந்து நிமிடப் பச்சை

நான் குழாய் இறக்குகிறவன்.
படிப்பு குன்வோருடையது, முதுகுவலி என்னுடையது.
சதுப்பின் நடுவில் முக்கால் சட்டம் நட்டு
ஆறு மீட்டர் இரும்பை
விரற்கடை விரற்கடையாகச் சேற்றுக்குள் புகட்டினோம்.
நார்வேயின் மேற்குக் கரை. அக்டோபர்.
இங்கே மழை மேலிருந்து வராது,
பக்கவாட்டில் வரும்.

நிலத்துக்காரர் ஓட்லைவ் வேலியோரம் நின்றிருந்தார்.
மிதிபட்ட சதுப்புக்கு அடிக்கணக்கில் காசு கேட்டவர்.
குழாயை நீளவாக்கில் பிளந்தபோது
தொப்பியைக் கழற்றினார், ஏனென்று தெரியாது.

உள்ளே
காப்பித்தூள் நிறத்தில் பழங்குளத்துச் சேறு.
ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர், அவசரமே இல்லாமல்:
மகரந்தம், கொசுப்புழுவின் தலை,
கரைமரங்கள் உதிர்த்த இலைக்கந்தல்.
அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல்,
ஒரு முழம் சாம்பல் மணல்.
மணலில் கடற்சிப்பி.
நன்னீர்க் குளத்தில் அதற்கென்ன வேலை?
சிப்பியோடு முறிந்த சுள்ளி, ஒரு துண்டு கரி,
வேரோடு பிய்த்துப் புரட்டிய தரைக்கட்டி.
மணலுக்குக் கீழே மறுபடியும்
அதே காப்பித்தூள், அதே பொறுமை.

கடல்கோள், என்றாள் குன்வோர்,
பால் பொங்கிவிட்டது என்பதுபோல.

பனியாறுகள் மலையை அரைத்து அரைத்துக்
கடல்விளிம்பில் கொட்டிய மண்
வழுக்குக் களிமண்மேல் குவிந்து கிடந்தது.
பனி போயிற்று. பாரம் இறங்கிய நிலம்
முதுகை நிமிர்த்தியபோது எங்கோ ஒரு நடுக்கம்.
அவ்வளவுதான் வேண்டியிருந்தது.
எட்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு நாள்
கடலடியில் சரிந்த மண்ணை அள்ளிக் கொட்டினால்
ஐஸ்லாந்து முழுக்கக் கூரைகளும் மூழ்கும்.
மேலே நின்ற தண்ணீர் என்ன செய்யும்?
முதலில் விலகியது.
பிறகு வந்தது.

'எந்த மாதம்?' என்றார் ஓட்லைவ்.
நான் சிரித்துவிட்டேன். கிழமையும் கேட்பார் போல.
குன்வோர் சிரிக்கவில்லை.
இடுக்கியால் மணலிலிருந்து ஒரு பாசித்தண்டை உருவினாள்.
பச்சை.
நேற்றுப் பறித்த பச்சை.

'வெளிச்சம் படாமல், காற்றுப் படாமல்
ஒரே மூச்சில் மூடியிருக்கிறது. பாருங்கள்,
அந்த ஆண்டின் துளிர் முழு நீளம் வளர்ந்தாயிற்று.
பக்கத்துக் குளத்து மீன் எலும்பின் கடைசி வளையமும்
இதையே சொல்கிறது. கோடை கழிந்துவிட்டது.
அக்டோபர் கடைசி. விட்டால் டிசம்பர்.'

ஓட்லைவ் வெகுநேரம் மலையைப் பார்த்தார்.
'அப்படியானால் கீழேதான் இருந்திருக்கிறார்கள்.'

யார்?

'ஆகஸ்டில் என்றால் மேலே இருந்திருப்பார்கள்,
கலைமான் பின்னால். நானும் அப்போது அங்கேதான்.
குளிர் இறுகினால் இறங்கித்தானே ஆகவேண்டும்?
இறைச்சி உலர்த்தி, தோல் சுருட்டி,
குழந்தை குட்டியோடு எல்லோரும் கரைக்கு.
எத்தனை ஆயிரம் ஆண்டானாலும்
கலைமான் அதே கலைமான்.'

குன்வோருக்குத் தெரியாததில்லை,
கட்டுரைகளில் படித்திருப்பாள்.
ஆனாலும் அவள் பென்சில் நின்றது.
அந்தக் கரித்துண்டை விரல்நுனியில் எடுத்து,
காட்டுத்தீயா அடுப்பா என்று எதுவும் சொல்லாமல்
எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

'என் வீடு ஒன்பது மீட்டர் உயரம்' என்றார் அவர்.
'திரும்ப வருமா?'
'அந்தச் சரிவு காலி. மறுபடி மண் சேர
இன்னொரு பனியுகம் வந்து போகவேண்டும்.'
'அதுவரை உருளைக்கிழங்கு போடலாம்.'
'போடலாம். மற்ற சரிவுகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.'
அவர் கேட்கவில்லை.
தொப்பியை மாட்டிக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போனார்.

பேசிக்கொண்டிருந்ததில் யாரும் கவனிக்கவில்லை:
இடுக்கியின் நுனியில் பாசி
பழுப்பாகிவிட்டிருந்தது.
எட்டாயிரம் ஆண்டு தாங்கியதை
எங்கள் காற்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டது.

குழாயின் இரு பாதியையும் பொருத்திப் பட்டையிட்டேன்.
எண் எழுதினேன், தேதி எழுதினேன்.
மேல்பக்கம் எதுவென்று அம்புக்குறி போட்டேன்.
அதை மறந்தால்
முதலில் என்ன, பிறகு என்ன என்று
யாராலும் சொல்லமுடியாது.