மைக்கை மூடிய கை

அன்றைக்கு நான் கட்டியது எட்டுக் கூம்பு.
பேருந்து நிலையத்தில் இரண்டு, பாலத்து மேட்டில் ஒன்று,
மீதி மைதானத்தைச் சுற்றி.
ஜெனரேட்டருக்கு டீசல் கடன்.
கடன் கொடுத்தவனும் கூட்டத்தில்தான் நின்றான்,
என்னைப் பார்க்காத மாதிரி.

காவேரிப்பட்டணத்தில் அந்த வைகாசியில்
மாங்கூழ் ஆலை ஒன்றிலும் புகை இல்லை.
கிலோ இரண்டு ரூபாய்க்கும் கேட்பாரில்லாத பெங்களூராக் காயை
டிராக்டர் டிராக்டராய்த் தென்பெண்ணைக் கரையில் கொட்டி
ஊரே புளித்துக் கிடந்தது.
ஓசூரில் மூன்று ஷிப்ட் ஒன்றாகி, ஒன்றும் இல்லாமலான பின்
பையன்கள் அடையாள அட்டையோடே திரும்பியிருந்தார்கள்.
கழற்றினால் யாரென்று கேட்பார்களாம்.

மந்தம் என்றார்கள் டிவியில்.
எங்களுக்கு மந்தம் என்றால் வயிறு கனப்பது,
ஓமத்தண்ணி குடித்தால் போகும்.
இது காலி வயிற்றில் வந்த மந்தம்.

அமைச்சர் நாலரைக்கு வந்தார்.
போஸ்டரில் இருந்ததைவிடக் குள்ளம்.
ஸ்டாண்டை இரண்டு விரற்கடை இறக்கிக் கொடுத்தேன்.
பதினேழு வருஷத் தொழில்.
சொல்லைவிட, சொல்லுக்கு முன் இழுக்கிற மூச்சு
எனக்கு நன்றாகத் தெரியும்.
அவருடையது பாதியில் நின்று நின்று வந்தது.

தாளைப் பார்த்துப் படித்தார்.
உலகளாவிய நெருக்கடி. தற்காலிகமானது. அச்சம் வேண்டாம்.
கைதட்ட வேண்டிய இடத்தில்
ஒரு குழந்தை இருமியது.

அப்போதுதான் மைக்கைக் கையால் மூடி
கலெக்டர் பக்கம் சாய்ந்தார்.
மூடினால் கேட்காது என்று நம்புவது பெரிய மனிதர்கள்தான்.
என் மைக் பழசு. விரல் இடுக்கிலும் காது வைக்கும்.

"கிடங்குல அரிசி எத்தனை நாளைக்கு?"
"பதினோரு நாள் சார்."
"ஜனங்களுக்குத் தெரியுமா?"

பாலத்து மேட்டுக் கூம்பு கொஞ்சம் தாமதமாய்ச் சொல்லும்.
ஆற்றுக்கு அக்கரை போய்த் திரும்பி வந்தது:
தெரியுமா.

என் விரல் குமிழின்மேல் இருந்தது.
இடப்பக்கம் திருப்பினால் முடிந்தது.
திருப்பு என்று கண்ணாலேயே உறுமினார் இன்ஸ்பெக்டர்.
ஏன் திருப்பவில்லை என்று
இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
டீசல் கடனாக இருக்கலாம்.

அமைச்சர் கையை எடுத்தார். தாளை மடித்தார்.
மைக்கில் அது சுள்ளி முறிகிற சத்தம்.
"கேட்டுட்டீங்க. பதினோரு நாள்தான்.
பன்னிரண்டாம் நாளுக்கு வழி இருக்குன்னு
இதுல எழுதிக் கொடுத்திருக்காங்க. இல்லை."

பிறகு பேரம் படியாத சந்தைக்காரன் போல
யோசித்து யோசித்துச் சொன்னார்:
நாளை முதல் கொதிகலன் அரசாங்கக் கணக்கில் எரியும்.
காயைக் கொட்டாதீர்கள்.
கூலி பாதி பணம், பாதி அரிசி.
எந்த அரிசி என்றது ஒரு குரல்.
"ராத்திரியே தஞ்சாவூர் போறேன். கேட்டு வாங்கறேன்."
குழுக்கடன் வசூலுக்கு மூன்று மாசம்
எவனும் தெருவுக்குள் வரக்கூடாது.
வந்தால்?
"என் பேரைச் சொல்லுங்க."

முனிரத்தினம்மா எழுந்தாள்.
ஆலையில் கொட்டை நீக்குகிறவள்,
மாம்பால் பட்டு வெந்த விரல்கள்.
"மூணு மாசம் கழிச்சு வந்தா
யார் பேரைச் சொல்ல?"
மைக் இல்லாமலே எட்டுத் திக்கும் கேட்டது.

அவரிடம் பதில் இல்லை.
அந்த மௌனத்தை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.
கூம்புகளில் ஆம்ப்ளிஃபையர் மட்டும் இரைந்தது,
உலை கொதிக்குமுன் பாத்திரம் முனகுகிற மாதிரி.

மூன்றாம் நாள் புகை வந்தது, ஒரே ஓர் ஆலையில்.
மற்ற முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.
அரிசி வந்தது பதினான்காம் நாள்.
நடுவில் இரண்டு நாள் கேழ்வரகுக் கூழ், அதுவும் தண்ணியாக.
ஆடி பிறந்தபோது அவருக்கு இலாகா இல்லை.

என் பில் நாலாயிரத்து இருநூறு.
'ஒலிபெருக்கியில் பழுது' என்று சிவப்பு மையில் குறித்து
பாதிதான் அனுப்பினார்கள்.
பழுது எந்த இடத்தில் என்று கேட்டு எழுத
பேனாவை எடுத்தேன்.
வாசலில் டீசல்காரன்.