மூன்றில் ஒரு பங்கு

ஜூன் முதல் சனிக்கிழமை. டுலுத்தில் இன்னும்
ஏரிக் காற்றுக்கு ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது.
பள்ளிப் பேருந்தை நேற்று ஷெட்டில் விட்டுச்
சாவியைக் கொடுத்துவிட்டேன்.
செப்டம்பர் வரை எனக்கு ஓட்ட இருப்பது
பெயின்ட் உரிந்த இந்தப் புல்வெட்டிதான்.

கத்தியைக் கழற்றி அரம் போட்டாயிற்று.
மழுங்கிய கத்தி புல்லை வெட்டுவதில்லை,
கடித்துத் துப்பும்;
மறுநாள் நுனியெல்லாம் நரைத்துக் கிடக்கும்.
சக்கரங்களை மேலே ஏற்றினேன், மூன்றரை அங்குலம்.
இது குளிருக்குப் பிறந்த புல்.
பனி உருகியதும் துள்ளும்,
ஜூலையில் செத்ததுபோல் படுத்துக்கொள்ளும்.
அதற்குள் தன் வேருக்குத் தானே
நிழல் சேர்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த வீட்டு டுவெய்ன் ஒட்ட வெட்டுகிறவன்,
ராணுவத்துக்குப் போகிற பையன் தலை மாதிரி.
வாரம் இரண்டு முறை.
"இப்படி விட்டால் காடாகிவிடும், லோவல்"
என்று வேலிக்கு மேலே சொல்வான்.
பதில் சொல்லிப் பயனில்லை,
அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நாலாவது வரிசையில், லைலாக் புதரைத் தாண்டி,
இடது முன்சக்கரம் லேசாக இறங்கியது.
காய்ந்த புல்லும் ரோமமுமாக ஒரு மூடி.
விலக்கினேன்.
கட்டைவிரல் நீளத்தில் உயிர்கள்,
கண் திறக்காமல், காது முதுகோடு ஒட்டி.
இன்ஜினை அணைத்தேன்.
பெட்ரோல் வாசனைக்கு அடியிலிருந்து
அறுத்த புல்லின் வாசனை
மெதுவாக மேலே வந்தது.

மார்லிஸ் தையல் டப்பாவிலிருந்து
வெள்ளை நூல் கொண்டுவந்தாள்.
குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு,
மூடியின்மேல் வைத்தாள்.
காலையில் கலைந்திருந்தால் தாய் வந்து போயிருக்கிறாள்.
கலைந்திருந்தது.
ஒரு நூலைக் காணவே காணோம்.

அதைச் சுற்றி வெட்டினேன், ஒரு வாரம், இரண்டு வாரம்.
நடுவில் ஒரு தீவு வளர்ந்தது.
டுவெய்ன் இஞ்ச் டேப்போடு வந்தான்.
"ஒன்பது அங்குலம். நகராட்சிக்கு யாராவது எழுதப் போகிறார்கள்."
யாராவது என்று சொல்லும்போது
என்னைப் பார்க்கவில்லை.
நான் மூடியை விலக்கிக் காட்டினேன்.
முழங்கால் சொடுக்க அவன் மண்டியிட்டான்.
வெகுநேரம் கழித்து,
"நாலு" என்றான்.
மறுநாளிலிருந்து அவன் நாய்
வாசலில் கட்டியே கிடந்தது.

பதினெட்டாம் நாள் குழி காலி.
சாயங்காலம் என் பக்கத்துக் க்ளோவரில்
இரண்டு மேய்ந்தன.
டுவெய்ன் பக்கம் போகவில்லை;
அங்கே மருந்தடித்த சுத்தத்தில்
தின்ன என்ன இருக்கிறது?

வளர்ந்ததை ஒரே நாளில் வழித்துவிடக் கூடாது.
ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம்;
மீறினால் மஞ்சளாகி மனம் விட்டுவிடும்.
ஒன்பதிலிருந்து ஆறு.
நாலு நாள் பொறுத்து ஆறிலிருந்து நாலு.
பிறகுதான் மற்றதோடு சேரும் உயரம்.
சேர்ந்தபின்னும் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால்
வட்டம் தெரிகிறது, வெளிறி,
மோதிரம் கழற்றிய விரல்போல.

கடைசி வெட்டில் வண்டி முனகி இழுத்தது.
கவிழ்த்துப் பார்த்தேன்.
அச்சில் இறுக்கிச் சுற்றியிருந்தது
வெள்ளை நூல், பச்சைக் கறையோடு.
மழை வரப்போகிறது,
மீதிப் புல் அப்படியே நிற்கிறது,
நான் படியில் உட்கார்ந்து
நூலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
கத்தரித்தால் ஒரு நொடி வேலை.
மார்லிஸ் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்,
பார்த்தாள்,
உள்ளே போய்விட்டாள்.