மூன்றுக்கு அடுத்து

எங்கள் லிப்டில் நாலு இல்லை.
மூன்று, மூன்று ஏ, ஐந்து.
சீனத்தில் நாலைச் சொன்னால்
சாவைச் சொன்னது போல் கேட்குமாம்.
செந்தூலில் ஒன்பது வருடம் ஏறி இறங்கியும்
நான் அதைக் கவனித்ததில்லை,
என் மகன் அந்தப் பொத்தான் முன் நின்று அழும்வரை.

ருவேனுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை.
விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து
செருப்பைத் தூக்கிவந்து
என் வயிற்றின்மேல் வைப்பான்.
எங்கள் வீட்டில் 'வா' என்பதற்கு அதுதான் சொல்.

கீழிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து கீழே.
எல்லாப் பொத்தானும் எரியவேண்டும்.
ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து
ஆளில்லாத நடைபாதையைக் காட்டிவிட்டு
மூடிக்கொள்ளும்.
அவன் விரல்கள் படபடக்கும், சந்தோஷம்.
நான் நின்றபடி தூங்கப் பழகிவிட்டேன்,
குதிரை மாதிரி.

மூன்று ஏ வந்தால் மட்டும்
பொத்தானை நகத்தால் சுரண்டுவான்.
அடியில் எங்கோ நாலு இருக்கிறதாம்.

பகலில் ஏறுகிறவர்கள்
அவனைப் பார்ப்பார்கள், பிறகு என்னை,
பிறகு மேலே ஓடும் எண்களை.
மூன்று மணிக்காரர்கள் வேறு சாதி.
ஐந்தில் இறங்கவேண்டிய தாதி நோர்லிசா
கண்ணை மூடிக்கொண்டு
பன்னிரண்டுவரை எங்களோடு வந்து திரும்புவாள்.
மீன் எடுக்கப் போகும் அங்கிள் சியோங்
ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளுவார், நான் உட்கார.
'அந்த நம்பரை நாங்க வாயால சொல்றதில்ல' என்றார் ஒருநாள்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

மருத்துவமனையில் அந்தச் சொல்லை
மூன்று மொழியில் சொல்லி அனுப்பினார்கள்.
வீட்டில் ஒரு மொழியிலும் சொல்வதில்லை.
கணவருக்கு அது 'அது'.
மாமியாருக்குக் கிரகம்; பத்துமலைக்கு நேர்ந்துகொண்டார்.
உறுமிச் சத்தத்தில் எண்பதாவது படியில்
காதைப் பொத்தி உட்கார்ந்துவிட்டான்.
எண்பதையும் எண்ணிக்கொண்டே
நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம்.

சொல்லாமல் விட்டால் ஒரு மாடி இல்லாமல் போகுமா?
அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.
துணி காயப்போடுகிறார்கள்.

போன வியாழன், பெட்டியில் மீன்விலை எழுதும் மார்க்கரை எடுத்து
அங்கிள் சியோங் ஒன்றும் பேசாமல்
மூன்று ஏக்குப் பக்கத்தில் எழுதினார்:
4.

ருவேன் முகர்ந்து பார்த்தான்.
அழுத்தினான். அதை மட்டும்.
இறங்கினோம்.
எங்கள் மாடி போலத்தான், அதே பச்சைச் சுவர்,
யாருடைய பள்ளிச் சட்டையோ சொட்டிக்கொண்டிருந்தது.
ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் நின்றான்,
அறிமுகமானவன் போல.

மதியத்துக்குள் நிர்வாகம் துடைத்துவிட்டது.

இப்போது என் கைப்பையில்
பிஸ்கட், மாற்று உடுப்பு, அவனுடைய ஓகேயு அட்டை,
ஒரு கறுப்பு மார்க்கர்.