ஊறும் நேரம்

காபிஸ் ஊரின் ஜாரா சந்தையில்
மருதாணிப் பொடியைக் குன்று குன்றாகக் குவித்திருப்பார்கள்.
கடைக்காரன் புஜ்மா ஒரு சிட்டிகை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்து முகரச் சொன்னான்.
அறுத்த வைக்கோல், ஈரமண், கடைசியில் கொஞ்சம் தேயிலை.
"மணல் கலக்கவில்லை" என்று
நான் கேட்காமலே சத்தியம் செய்தான்.
அதனாலேயே பக்கத்துக் கடையில் வாங்கினேன்.

பெட்டிச் சாயத்தை விட்டு எட்டு மாதம்.
கடைசியாகப் பூசியபோது நெற்றி வீங்கி
ஒரு கண் மூடிக்கொண்டது.
மிச்சக் கண்ணோடு மூன்று பிரசவம் பார்த்தேன்.
பிறந்தவர்கள் என்னைக் கண்டு மிரளவில்லை.
தங்கள் பாட்டுக்கு அழுதார்கள்.

வெதுவெதுப்பான தேநீரில் குழைக்க வேண்டும்.
அரை எலுமிச்சை.
முடி நார்நாராகப் போகாமலிருக்க
ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய்.
இரவெல்லாம் மூடி வைத்துக் காலையில் கிளறினால்
மேலே பழுப்பு, உள்ளே பச்சை.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு.
மாலை ஐந்து மணிக்கு
வகிடு வகிடாகப் பிரித்து அப்பினேன்.
யாரோ குளிர்ந்த கையைத் தலையில் வைத்து
சும்மா உட்கார் என்று அழுத்தியதுபோலிருந்தது.
அதன்மேல் பிளாஸ்டிக் உறை,
உறைமேல் பழைய துண்டு.
இரண்டு மணி நேரம் என்று கணக்கு.

நாற்பதாவது நிமிடம் தொலைபேசி.
"நசீஹா, ஹஸ்னா காய்ச்சலில் விழுந்துவிட்டாள்.
மூன்று பேர் வலியில் இருக்கிறார்கள்."
குழாயிலோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.
துண்டின் மேலேயே முக்காட்டைச் சுற்றினேன்.
டாக்சிக்கார லஸ்ஹர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்,
மூக்கை உறிஞ்சினான்,
ஜன்னலை இறக்கினான்.
ரசாயன ஆலையின் காற்று உள்ளே வந்தது.
பேசாமல் மறுபடி ஏற்றிவிட்டான்.

விதாத். பத்தொன்பது வயது, தலைப்பிள்ளை.
நள்ளிரவு தாண்டி
என் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தவள்
வலி இறங்கிய இடைவெளியில் சொன்னாள்:
"லல்லா, உங்கள் காதிலிருந்து சேறு வழிகிறது."
பஞ்சால் துடைத்தபடி விஷயத்தைச் சொன்னேன்.
சிரித்தாள்.
சிரிப்பின் நடுவே அடுத்த வலி,
வலியின் நடுவே மிச்சச் சிரிப்பு,
அந்தக் குழப்பத்தில்தான் தலை தெரிந்தது:
கருகருவென்று, நனைந்து, மெழுகு படிந்து,
யாரும் எதையும் குழைத்துப் பூசாத கறுப்பு.

விடியற்காலை நான்கு.
ஊழியர் அறைத் தொட்டியில் குனிந்து குழாயைத் திறந்தேன்.
செம்பழுப்பாக ஓடிக்கொண்டே இருந்தது.
தரை துடைக்கும் மப்ரூக்கா வாளியைப் போட்டுவிட்டு
"யாருடைய ரத்தம்?" என்று ஓடிவந்தாள்.
இருபத்தாறு வருடம் இந்தக் கேள்விக்கு
வேறு யாரோ ஒருத்தியின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன்.
"என் தலை" என்றேன்.
அவள் ரொம்ப நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதினோரு மணி நேரம் ஊறிய முடி
துவட்டும்போதே துண்டிலிருந்து வழுக்கியது.
கறுத்தவற்றை மருதாணி சீண்டவே இல்லை.
வெளுத்தவற்றை மட்டும்
தேடித் தேடிப் பற்றவைத்திருந்தது.
பெட்டிச் சாயம் எல்லா முடிக்கும்
ஒரே பொய்யைச் சொல்லிக்கொடுக்கும்.
இது ஒவ்வொன்றிடமும் வயதைக் கேட்டு
எழுதி வைத்திருந்தது.
காதோரம் மட்டும் கொத்தாகத் தணல்.
மறைக்கலாமா என்று விரல் போனது.
போன விரலும் ஆரஞ்சு.

மூன்றாம் நாள் நிறம் இறங்கி ஆழமாகும்.
மூன்றாம் நாள்தான் விதாத் வீடு திரும்பினாள்.
பிள்ளையைச் சுற்றிய வெள்ளைக் கம்பளியின் ஓரத்தில்
காசளவு ஒரு கறை.
"இரண்டு முறை துவைத்தாயிற்று லல்லா,
போகமாட்டேன் என்கிறது."

"போகாது" என்றேன்.
"நல்ல சரக்கு."