எளிதாக நுழைந்த ஊசி

நட்புப் பாலம் இறங்கி இடப்பக்கம்
மூன்றாவது கடை என்னுடையது.
அடாப்டர் விற்கிறேன்.
உருளை ஊசி, தட்டை ஊசி, சாய்ந்த ஊசி.
எந்த நாட்டுச் சுவருக்கும்
என்னிடம் ஒரு மூக்கு உண்டு.

பகல் பதினொன்றுக்கு எர்மினியா வந்தாள்,
ஒரு கையில் தெரெரே குடுவை,
அக்குளில் துண்டு சுற்றிய பொட்டலம்.
பிரித்தால், முடி உலர்த்தி.
வாய் உருகிக் கோணியிருந்தது.
தீய்ந்த மயிர் நாற்றம் இன்னும் போகவில்லை.

"பழுது பார்ப்பாயா?"
"இது பழுதில்லை, எர்மினியா. சாவு."

அக்கரையில், பிரேசிலில், ஜுசாராவின் அழகு நிலையத்தில் அவளுக்கு வேலை.
முதலில் தன் வீட்டு உலர்த்தியையே
பாலம் கடந்து கொண்டுபோனாள்.
இருநூற்றிருபது வோல்ட்டில் பழகியது அது.
அங்கே கிடைத்ததோ நூற்றிருபத்தேழு.
ஆஸ்துமாக்காரனைப் போல ஊதியது.
மூன்றில் ஒரு பங்குச் சூடு,
பத்து நிமிடத் தலைக்கு அரை மணி.
காத்திருந்த பெண்கள் நகமும் தீட்டிக்கொண்டார்கள்,
மாமியாரைப் பற்றியும் சொல்லி முடித்தார்கள்.
ஜுசாரா திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஆண்டு முடிவில் பரிசு:
அந்த ஊர் உலர்த்தி, புத்தம் புதிது, செந்நிறம்.

சனிக்கிழமை தங்கை நிமியாவுக்குக் கல்யாணம்.
காலை ஆறரைக்கு ஈரத்தலையோடு உட்கார வைத்து
பரிசை எடுத்து மாட்டினாள் எர்மினியா.
ஊசி நுழைந்தது,
வெண்ணெயில் கத்தி போல.
அதுதான் வினை.
நுழையாமல் முரண்டியிருந்தால்
என்னிடம் வந்திருப்பாள்.
புரட்டிப் பார்த்து, அடியில் உள்ள எண்ணைப் படித்து
வேண்டாம் என்றிருப்பேன்.

ஒரு ஊளை. உள்ளே கம்பி பழுத்துச் சிவந்தது.
வலது காதுக்கு மேல் ஒரு கையளவு முடி.

கத்தரியால் ஒக்கிட்டு,
மீதியை இடப்பக்கம் வாரி, மல்லாந்த சீப்பு ஒன்றைச் செருகி
நிமியா மோதிரம் மாற்றிக்கொண்டாள்.
புகைப்படங்களில் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கிறாளாம்.

வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் அணை.
இருபது சக்கரம். பத்து எங்களுடையது,
நொடிக்கு ஐம்பது துடிப்பு.
அவர்களுடைய பத்துக்கு அறுபது.
நாங்கள் தின்றது போக மிச்சத்தையும் அவர்களுக்கே விற்கிறோம்.
விழுகிற பரானாவுக்கு
தான் யார் வீட்டு விளக்கு என்று என்ன தெரியும்?

"இதை ஓட்ட மின்மாற்றி இருக்குமே?"
"இருக்கிறது. கன்றுக்குட்டி எடை.
கயிறு கட்டி இழுத்துப் போகலாம்."

சிரித்தாள். முதல் முறையாக.
பழையதையே நாளைக்கு எடுத்துப்போகிறாளாம்,
அந்த ஆஸ்துமாக்காரனை.
"அவன் யாரையும் சுட்டதில்லை."

அவள் போனபின்
செத்ததன் வயரை நறுக்கி
பிளக்கை மட்டும் டப்பாவில் போட்டேன்.
பளபளவென்று கிடக்கின்றன ஊசிகள்,
ஒரு கீறல் இல்லை,
ஒன்றும் அறியாதவை போல.